காயாத கொப்புளம்

எங்கள் லேபில் அவளுக்கு ஆமை என்று பெயர். ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை வரி வரியாகப் பார்ப்பாள். தேடியது நடுவிலேயே கிடைத்துவிட்டாலும் மிச்சத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். இந்த ஆமை புகுந்த பிறகுதான் எங்கள் அறை உருப்பட்டது என்று நானே சொல்லியிருக்கிறேன், அவள் காதில் விழாதபடி.

தோல் பிரிவிலிருந்து வரும் மாதிரிகளை நாங்கள் இருவரும்தான் பார்ப்போம். அக்கியோ உதட்டுக் கொப்புளமோ, காய்ந்த பொருக்கைச் சுரண்டி அனுப்பினால் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். "தண்ணி கோத்த கொப்புளத்தோட அடியில சுரண்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இது செத்த தோலு. இதுல என்னத்தைப் பாக்குறது?" என்று போனில் கத்துவாள்.

அவளுக்கு ஒரே தங்கை. தங்கையின் கைக்குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே கன்னத்தில் கரப்பான் படை. ஒருநாள் அது பொங்கி முகமெல்லாம் பரவியது. கரப்பான்தானே என்று வீட்டில் வழக்கமான களிம்பையே இன்னும் தடிமனாகப் பூசினார்கள். காய்ச்சல் கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள். சீழுக்கு ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. வார்டிலிருந்து மாதிரி வந்தது. சொந்தக்காரர் மாதிரியைத் தன் கையால் பார்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அதனால் நான் பார்த்தேன். வைரஸ் இருக்கும் அடையாளம் ஒன்றும் இல்லை.

"பொருக்கைத்தான் எடுத்திருக்காங்க. இதுல இல்லைன்னா உடம்புல இல்லைன்னு ஆயிடாது" என்றாள் ஆமை. தோல் டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். "வைரஸோன்னு எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. புதுசா ஒண்ணு கிளம்பினா உடனே கூப்பிடுங்க."

அன்று முழுவதும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தையின் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது நிமிரவே இல்லை.

"இன்னொரு கொப்புளம் வரணும்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்டீ. நானெல்லாம் ஒரு பெரியம்மாவா?"

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து நானும் பார்க்க ஆரம்பித்தேன். 

மறுநாள் காலை காது மடலுக்குப் பின்னால் ஒன்று கிளம்பியிருந்தது. தங்கை தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டரம்மா கொப்புளத்தின் மேல்தோலை விலக்கி அடியைச் சுரண்டி ஸ்லைடில் தடவிக் கொடுத்தார். ஆமை அதை ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்தாள். நான் சாயம் ஊற்றிக் கழுவிக் காயவைத்து உட்கார்ந்தேன். அவள் சுவரோரம் நின்றாள்.

"வரி விடாம பாரு."

விடவில்லை. ஓரிடத்தில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பெரிய செல்லாகி, உள்ளே உட்கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. வைரஸ் புகுந்த தோல் அப்படித்தான் இருக்கும். "இருக்கு" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வைரஸுக்கான மருந்து உடனே குழந்தையின் நரம்பில் ஏறியது. அக்கி வைரஸா, உதட்டுக் கொப்புள வைரஸா என்று ஸ்லைடு சொல்லாது. அதைப் பிறகு வந்த பிசிஆர் ரிப்போர்ட் சொன்னது: உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கண் திறந்து பால் குடித்த அன்று தங்கை கேட்டாள்.

"அக்கா, போன மாசம் என் உதட்டுல கொப்புளம் வந்துச்சே. அதோடதானே முத்தம் குடுத்தேன். என் ரத்தத்தை எடுத்துப் பாரு. நான்தானான்னு தெரியணும்."

"பாத்தா உனக்கு இருக்குன்னு வரும். எனக்கும் இருக்கலாம், இதோ நிக்கிறாளே இவளுக்கும் இருக்கலாம். யாரு குடுத்தாங்கன்னு எந்த டெஸ்டும் சொல்லாது."

"அப்போ நான் இல்லைன்னும் சொல்லாதா?"

ஒரு பொய் சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பதறியது.

"சொல்லாது" என்றாள்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஆமை குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

"உதட்டுல இப்போ ஒண்ணும் இல்லைல்ல? முத்தம் குடு."

"வேணாம்க்கா."

"மறுபடி வந்தா தள்ளி நில்லு. இப்போ குடு. பாத்துட்டுத்தான் போவேன்."

முகத்தில் இடமே இல்லை, எல்லாம் பொருக்கு. தங்கை வெகுநேரம் தயங்கினாள். பிறகு குழந்தையின் உள்ளங்காலைப் பிடித்து உதட்டில் வைத்துக்கொண்டாள். குழந்தை காலை இழுத்துக்கொள்ளவில்லை.