காத்தவராயனின் மூக்கு

முன்னறையில் 'டொப்' என்று கார்க் கழன்ற சத்தம் அடுப்படிவரை கேட்டது. காப்பிக்கென்று பாலை அடுப்பில் வைத்திருந்த வச்சலா, ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

ஓட்டல் மேனேஜர் தேசப்பன் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவந்த இரண்டு புட்டிகளிலிருந்து இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரே அவள் கணவன் காத்தவராயன்.

அது எழுபத்தாறாம் வருடம். ஊரெங்கும் மதுவிலக்கு. மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டலில் பர்மிட் உள்ள வெளிநாட்டாருக்கு மட்டும் ஒயின் உண்டு. மீனவக் குப்பத்தில் பிறந்த காத்தவராயன் அங்கே பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தான். ஒருநாள் ஒரு பிரெஞ்சுக்காரர் மேஜையில் மிச்சம் வைத்த ஒயினை முகர்ந்து, "இதுல மனோரஞ்சிதம் வாசனை கீது சார்" என்றான். தேசப்பன் அதை மொழிபெயர்க்க, பிரெஞ்சுக்காரர் எழுந்து அவன் கையைக் குலுக்கினார். அன்றுமுதல் அவன் முகர்ந்து தலையசைத்த புட்டிதான் மேஜைக்குப் போகும்.

அந்த மூக்கு மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போனது! படிக்கட்டில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. காயம் ஆறியது, வாசனை திரும்பவில்லை. வச்சலாவின் தலையில் இருந்த மல்லிகூட அவனுக்குக் காகிதப்பூதான். வேலை போய்விடுமே என்று இருவரும் வாய் திறக்கவில்லை. கடலுக்கும் போக முடியாது. வெயிலில் நின்றால் தலை சுற்றியது. போன வாரம் அவன் அனுப்பிய ஒயினை ஒரு விருந்தாளி துப்பிவிட்டார்.

"மெட்ராஸ்லேந்து வேற ஆளு ரெடியா கீறான் காத்தா. நாலு பேரு எதிர்ல உன்ன சோதிக்க எனக்கு மனசு வர்ல. அதான் வூட்டுக்கே வந்தேன். இதுல ஒண்ணு கெட்டது. எதுனு சொல்லு."

"இன்னா சார், எனக்கே பரீட்சையா?" சிரித்தான்.

வச்சலா தண்ணீர் வைக்க வந்து குனிந்தாள். இடது தம்ளரில் ஈரக்கோணி நாற்றம். மேனேஜர் சோதிக்க வருகிறார் என்று தெரிந்து காலையிலேயே இருவரும் பேசிவைத்தபடி, கெட்டதன் பக்கத்தில் செம்பை வைத்தாள்.

காத்தவராயன் இரண்டையும் முகர்ந்தான். "இது சார். நனைஞ்ச கோணி நாத்தம்."

"தப்பிச்சடா!" தேசப்பன் முகம் மலர்ந்தது. "அந்த நல்லத ருசி பாரு. மூணு தினுசு திராட்ச கலந்தது, புதுசு."

நாக்கில் புளிப்பும் துளி இனிப்பும், வேறொன்றுமில்லை. கண்ணை மூடி, பழைய நாட்களிலிருந்து வாசனைகளைத் தேடி எடுத்தான். "மனோரஞ்சிதம்... அப்பால எலுமிச்சம்பூ..."

மறுபடி கதவோரம் போய் நின்ற வச்சலா பாலை மறந்தே போனாள். தீய்ந்த வாடை அறையை நிறைத்தது. தேசப்பன் மூக்கைச் சுளித்தார். அடுப்படியைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

அவன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தான். "வூடே மணக்குது சார்!"

வச்சலா ஓடினாள். வெறுங்கையால் பாத்திரத்தை இறக்கிவிட்டுத் திரும்பியபோது தேசப்பன் புட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளா?"

"மூணு மாசமா சார்." அவன் தலை குனிந்தான். "பாத்திரம் கழுவுறேன் சார். மொதல்ல செஞ்சதுதானே."

"மொதலாளி ஒத்துக்க மாட்டாருடா. மறைச்சா என் வேலையும் பூடும்."

வச்சலா அவர் காலில் விழுந்தாள். "பால மறந்தது நானுண்ணா! அவுரு மேல இன்னா தப்பு? பாக்காத மாதிரி போய்டுங்கண்ணா!"

தேசப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். பையை எடுத்துக்கொண்டார்.

காத்தவராயன்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தான், ஓட்டலில் விருந்தாளிகளுக்குத் திறந்துவிடுகிற மாதிரியே. "பாத்து எறங்குங்க சார், படி ஒசரம்."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றான். பிறகு கதவைச் சாத்தினான்.