எண்பது கிரீம் கப்பும் ஒரு பெரம்பூர் மூக்கும்

எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாக ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். நான் கிரீம் அடிக்கிற பீட்டரைக் கையில் எடுத்தால் போதும், மனுஷர் கிழிந்த வலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்படித்தான் போனார். மீன்பிடித் தடைக்காலம், லாஞ்சு எல்லாம் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடந்தது. கடலுக்குப் போகாத ஆம்பிளையை ஒற்றை அறை வீட்டில் வைத்துக்கொண்டு எண்பது கிரீம் கப் செய்வது என்ன பாடு என்று செய்தவளுக்குத்தான் தெரியும்.

கப் என் சிநேகிதி வீட்டு விசேஷத்துக்கு. அவளும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர்கள் வேதக்காரர்கள். அவள் மகளுக்கு அன்று புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்குகிற நாள். காலையில் மாதா கோயிலில் பூசை, மதியம் ராயபுரத்தில் கோயிலை ஒட்டின ஹாலில் பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு ஆளுக்கொரு மாம்பழக் கிரீம் கப், அதுவும் நான் செய்ததுதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். போனில் வீடியோ பார்த்துப் பழகி, ஐந்தாறு முறை சொதப்பி, பிறகு கைக்கு வந்த வித்தை அது. பிறந்தநாளுக்கெல்லாம் எங்கள் தெருவில் என் கப்தான்.

ஆனால் அவளுடைய நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலைக்கு அனுப்பினவர் அந்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் உட்கார மாட்டார், கடைசியில் கதவோரமாகத்தான் நிற்பார். எனக்கு அது மிதப்பாகப் படும். இவர்களோடெல்லாம் சரிசமமாக உட்காருவதா என்று நினைக்கிறாராக்கும் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன்.

அவர் என் முன்னாலேயே சொன்னார். "மீன் வூட்ல கிரீம்லாம் வேணாம். வாசனை வரும். பேக்கரில சொல்லிடு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் சிநேகிதி முந்திக்கொண்டாள். "வராது. நான் பொறுப்பு. அப்டி வந்துச்சுன்னா, இனிமே இந்த வூட்ல எந்த நல்லது கெட்டதுக்கும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு ஏற்கெனவே பெரிய மதிப்பு இல்லை. இருந்த கொஞ்சத்தையும் என் கிரீம் கப்பின் மேல் வைத்துவிட்டாள். எண்பது கப்பும் சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும், ஒன்றுகூட முகம் சுளிக்க வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

யானைக்கவுனிப் பக்கம் மொத்தக் கடைக்குப் போய்க் கண்ணாடி மாதிரி கப், மூடி, கிரீம் பாக்கெட் எல்லாம், சொதப்பினாலும் ஆகட்டும் என்று இரண்டு பங்காக வாங்கிவந்தேன். அடியில் பொடித்த பிஸ்கட்டை வெண்ணெயில் பிசைந்து, டம்ளர் அடியால் அழுத்த வேண்டும். அதன் மேல் பங்கனப்பள்ளித் துண்டு, அதன் மேல் கிரீம், அப்புறம் மாம்பழக் கூழ், திரும்பவும் கிரீம், உச்சியில் மாதுளை முத்து மூன்று. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே பெட்டியில் மீன் அடுக்கினவள் நான். அடியில் ஐஸ், மேலே மீன், திரும்ப ஐஸ், நடுவில் இடுக்கு விடக் கூடாது, விட்டால் அங்கேதான் சூடு ஏறும். கப்பிலும் அதே கதைதான். ஓரத்தில் இடுக்கு விட்டால் கூழ் வழிந்து கிரீமோடு கலந்து கலீஜாகிவிடும்.

ஃபிரிட்ஜில் முப்பது கப்தான் பிடிக்கும். மே மாத வெயிலில் மீதி ஐம்பதும் அரை மணியில் தண்ணீராகிவிடும். தடைக்காலமாச்சே, வீட்டுக்காரர் கடலுக்குக் கொண்டுபோகிற தெர்மாகோல் பெட்டி இரண்டு சும்மா கிடந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்து, இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். நான் மோந்து பார்த்தேன், அவர் மோந்து பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரியும் தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. ஃபிரிட்ஜில் கொஞ்சம் பெட்டியில் கொஞ்சம் என்று வைத்தால் சில்லிப்பு ஒரே மாதிரி இருக்காது என்று, அடியில் ஐஸ் போட்டு எண்பதையும் பெட்டியிலேயே அடுக்கினேன். தட்டை மூடி போட்டால் கிரீமின் உச்சி நசுங்கும், அதனால் கப்பைத் திறந்தபடியே வைத்துப் பெட்டியை மட்டும் மூடினேன். எட்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. ராணி மாதிரி உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஒன்பதரைக்கு ஆட்டோ வந்தது. ஓட்டுகிறவன் பெரம்பூர்க்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். விசேஷத்துக்கு இரண்டு பெட்டி ஏற்ற வேண்டும் என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன். ஒரு பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்தவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"இன்னாக்கா, தடைக்காலத்துல கூட உங்களுக்கு சரக்கு வந்துகினு கீதா? வஞ்சிரமா?"

பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, ஒரு கப்பை எடுத்து அவன் மூக்கிடம் நீட்டினேன். மோந்தான். ஒரு ஸ்பூன் தின்றான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கோச்சுக்காதக்கா. முன்னாடி மேங்கோ வர்து. பின்னாலயே மீன் வர்து."

"உன் மூக்குல இன்னாடா கோளாறு?" என்று கத்தினேன். வாசலில் இருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், எதிர் வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டேன். எல்லோரும் தின்றார்கள். ஒண்ணுமே வர்லியே, சூப்பரா கீதே என்றார்கள். நானும் தின்றேன். எனக்கும் மாம்பழம்தான் தெரிந்தது.

எங்கள் தெரு மூக்கு ஐந்து. ஐந்துக்கும் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, அதற்குத் தெரிகிறது. அவன் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூடவே வேறொன்றும் புரிந்தது. திருவொற்றியூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எத்தனையோ பேர் இரண்டு ஸ்டாப்பில் எழுந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். குளித்து, பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருப்பேன். ஒருத்தியிடம், "ஏம்மா, சீட்ல முள்ளா கீது?" என்று சண்டைக்கே போனேன். அவள் பதில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து, கிரீம் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவள் பதில் எனக்குக் கேட்டது. அந்த வாசனைதான் எனக்குச் சோறு போட்டது, அதற்காக நான் வெட்கப்பட மாட்டேன். ஆனாலும் வலித்தது, ரொம்ப வலித்தது.

வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "மேல கீற கிரீமை மட்டும் வழிச்சுட்டு புதுசா வெச்சுடுமே. அடில பழம் நல்லாத்தான இருக்கும்?"

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நல்லா கீதுன்னு யாரு சொல்றது? ஒண்ணும் வேணாம். எல்லாம் புதுசு."

எண்பது கப்பையும் தெருவுக்குக் கொடுத்தேன். கால் மணியில் காலி. விரலை விட்டு வழித்து நக்கினவர்கள்கூட உண்டு. இதுவரைக்கும் செய்ததிலேயே இதுதான் டாப்பு என்று பக்கத்து வீட்டுக்காரி தீர்ப்புச் சொன்னபோது, அழுவதா சிரிப்பதா தெரியாமல் சிரித்துவிட்டேன்.

அப்புறம் வேலையில் இறங்கினேன். பந்தி முடிய ஒன்றரை ஆகும். பிரிக்காத கிரீம் பாக்கெட் நான்கு, பிரிக்காத பிஸ்கட், மீதிக் கப், ஸ்பூன் எல்லாம் பையில் போட்டேன். வீட்டுக்காரரை மார்க்கெட்டுக்கு விரட்டி, பழமும் வெண்ணெயும் வாங்கி நேராக ஹாலுக்கு வரச் சொன்னேன். இந்த வீட்டில் இனி ஒரு கப்பும் செய்வதில்லை, எல்லாம் ஹாலின் சமையல்கட்டில்தான். பீட்டர், கத்தி, கிண்ணம் ஒவ்வொன்றையும் கழுவிக் கழுவி ஆட்டோக்காரன் மூக்கில் காட்டினேன்.

"பீட்டர் ஓகே. கத்தி ஓகே. இந்தக் கிண்ணம் வேணாக்கா."

கடைசியில் கையை நீட்டினேன். "இது?"

அவன் குனிந்து மோந்துவிட்டுத் தரையைப் பார்த்தான். "சோப்பு வாசனை கீதுக்கா," என்றான். நல்ல பிள்ளை. போகிற வழியில் மருந்துக் கடையில் நிறுத்தச் சொல்லி கையுறை வாங்கிக்கொண்டேன்.

ஹாலில் கூல்டிரிங்ஸ் பாட்டில் வைக்கப் பெரிய தொட்டி நிறைய ஐஸ் போட்டிருந்தார்கள். அதில் பாதியை அள்ளிக்கொண்டேன். கேட்க வந்த ஆளை ஒரு முறை முறைத்தேன், போய்விட்டான். ஐஸின் மேல் பாத்திரத்தை வைத்துக் கிரீம் அடிக்க ஆரம்பித்தபோது சிநேகிதி பட்டுப்புடவையும் மல்லிப்பூவுமாக உள்ளே வந்தாள்.

"இன்னாடி, இங்க வந்து பண்ணிகினு கீற?"

மறைக்காமல் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன், பெரம்பூர் மூக்கைச் சொன்னேன். அவள், நாத்தனார் வருகிறாரா என்று கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பிஸ்கட்டை இங்க தள்ளு, நான் நொறுக்கறேன்," என்றாள். பழம் வந்தது. வீட்டுக்காரரும் ஆட்டோக்காரனும் வெட்டினார்கள். வெளியே முதல் பந்தி உட்கார்கிற சத்தம் கேட்டது. எண்பது கப்பை வரிசையாக நிறுத்தி, ஒரு அடுக்கை எண்பதுக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கைத் தொட்டோம். என் வாய்கூட மூடியிருந்தது.

கடைசி மாதுளை வைக்கிற நேரத்தில் நாத்தனார் வாசலில் வந்து நின்றார். சிநேகிதி எனக்கு முன்னால் வந்து மறைத்தாள். நான் அவளை விலக்கினேன்.

"அக்கா, நீங்க சொன்னது சரி. மொதல்ல செஞ்சதுல வாசனை வந்துச்சு. எனக்குத் தெரில. அதெல்லாம் எங்க தெருவுக்குக் குடுத்துட்டு இப்ப புதுசா செஞ்சுகீறேன். மோந்து பாருங்க. வந்தா சொல்லுங்க, ஒண்ணு விடாம தூக்கிகினு போயிடறேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒரு கப்பை எடுத்தார். மூக்கோடு வைத்து மோந்தார். திருப்பித் திருப்பி மோந்தார். நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கப்பை என்னிடமே நீட்டினார்.

"எனக்கு இன்னாமா தெரியும்," என்றார். "நானும் மீன் கூடை தூக்குனவதான். தம்பியைப் படிக்க வெச்சதே அதுலதான். இஸ்கூல்ல பிரைஸ் வாங்கறான்னு தலைக்குக் குளிச்சுட்டுப் போய் மொத வரிசைல குந்துனேன். கொஞ்ச நேரத்துல ரெண்டு பக்கமும் சேர் காலி. ஏன்னே தெரில எனக்கு. பின்னால ஒருத்தி சொன்னா. அன்னிக்கு எழுந்து கதவாண்ட போனவதான்." கப்பைக் காட்டினார். "நம்ம புள்ளை விசேஷத்துலயும் அது நடக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். உன்னைச் சொல்லல."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சிநேகிதிக்கே இது தெரியாது. எனக்கோ, மனதுக்குள் கறுவினதெல்லாம் நெஞ்சில் வந்து குத்தியது. கிரீம் கப்பை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றோம், இரண்டு பேருக்கும் மோப்பம் கிடையாது.

ஆட்டோக்காரனைக் கூப்பிட்டேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் கப்பை வாங்கி, கண்ணை மூடி மோந்தான். ஒரு ஸ்பூன் தின்றான். இன்னொரு ஸ்பூனும் தின்றான்.

"மேங்கோ," என்றான். "வேற ஒண்ணும் இல்லக்கா."

"நெசமா சொல்லுப்பா," என்றார் நாத்தனார்.

"சத்தியமா."

கப்பெல்லாம் தட்டில் ஏறி ஹாலுக்குள் போனது. நான் சமையல்கட்டுக் கதவிடுக்கில் நின்று, யாருடைய வாயையும் பார்க்காமல் மூக்கை மட்டும் பார்த்தேன். ஒரு முகமும் சுளிக்கவில்லை. வெள்ளை கவுன் போட்ட பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து மூக்கு நுனியெல்லாம் கிரீமாகத் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டி அவள் அம்மா, என் சிநேகிதி, "அக்கா, இங்க வந்து குந்துங்க," என்று உரக்கக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் அப்படி உரக்கக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நாத்தனார் கதவோரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கையில் ஒரு கப்போடு நடந்துபோய் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தம்பி மகள், இன்னொரு பக்கம் யாரோ ஒரு விருந்தாளி அம்மா. அவர் நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்பூனை எடுத்தார்.