அடக்க ஆராதனைக்கு ஒரு பக்கம்

செத்தவர்களைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு: திருத்தம் கேட்டு அவர்கள் போன் செய்வதில்லை. மற்ற எல்லாரும் செய்வார்கள். மலாக்காவில் எங்கள் தமிழ்ச் சபையில், அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம் வாசிக்கப்படும். அந்தப் பக்கத்தை எழுதுகிறவன் நான். உங்கள் சபையிலோ சங்கத்திலோ "அவருக்கு நல்லா எழுத வரும்" என்று யாராவது உங்களைக் காட்டிக்கொடுத்திருந்தால், என் துன்பம் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஆலயச் சுவரில் ஒரு பக்கம் 'கிருபை' என்றும் மறுபக்கம் 'சத்தியம்' என்றும் பெரிய எழுத்தில் இருக்கும். நடுவில் குளிர்காற்று ஊதும் ஏர்கோன். இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும் என்று மாதம் ஒரு பிரசங்கமாவது கேட்கிறோம். கேட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போய்விடுகிறோம். அந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்ப்பது என் தலையில் விழுந்தது. செல்வி என்ற பெண் தன் அப்பாவின் ஆராதனையில் உட்கார்ந்திருப்பாளா, எழுந்து போவாளா என்பது ஒருநாள் என் பக்கத்தை நம்பி நின்றது. அதற்கு முன் நான் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்.

நியமனம்

நாளிதழில் மலாக்காச் செய்தியாளனாக ஆயுளைக் கழித்தவன் நான். சாலை விபத்து, வெள்ளம், கோயில் திருவிழா, அமைச்சர் வருகை எல்லாம் எழுதியாயிற்று. ஓய்வு பெற்ற மாதமே, சபையில் குறிப்பு எழுதிவந்த பெரியவர் காலமானார். என் முதல் வேலையே அவருடைய குறிப்புதான். வீட்டுக்குப் போனால் மகன் ஒரு ஃபைலை நீட்டினார். பெரியவர் தன் குறிப்பைத் தானே எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஏழு பக்கம். மற்றவர்களுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் தந்ததே இல்லை மனிதர். 'தாழ்மை' என்ற சொல் மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது.

பாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஒரு பக்கமாக் குறைங்க பிரதர். ஆனா கிருபையாக் குறைங்க."

எல்லாரும் ஜெபவீரர்

மஸ்ஜித் தானா என்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் சாமுவேல் அங்கிள். கிறிஸ்மஸுக்கும் புனித வெள்ளிக்கும் மட்டும் ஆலயம் வருவார். அன்றும் வாசலில் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். ஆனால் பெரிய கேலிக்காரர். முட்டை வாங்க வந்த மலாய்க்காரர்கள் அவர் பேச்சைக் கேட்க இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிள்ளைகள் என்னிடம், நல்லபடியாக எழுதுங்கள் என்றார்கள். நானும் பழைய குறிப்புகளைப் புரட்டி நல்லதையெல்லாம் எடுத்துப் போட்டேன்: ஜெபவீரர், வேதத்தில் வேரூன்றியவர், அமைதியே உருவானவர். யாருக்கும் மனக்குறை இல்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, அவரோடு தினமும் தே தாரே குடித்த முனியாண்டி அண்ணன் என் பக்கத்தில் நடந்துவந்தார். "நல்லா இருந்துச்சு சார். ஆனா ரொம்ப நேரம் வேற யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சுட்டேன்லா."

மூன்று பேர் உறுதிசெய்தது

அது குத்தியது. இனி உண்மையை மட்டுமே எழுதுவது என்று முடிவெடுத்தேன். பத்திரிகைக்காரனுக்கு வைராக்கியம் வந்தால் முதலில் அடிபடுவது பக்கத்தில் நிற்பவர்தான். கிளேபாங் ரூத் ஆண்ட்டி பாடகர் குழுத் தலைவி. யாராவது சுருதி தவறினால் பாட்டின் நடுவிலேயே திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை பட்டு இரண்டு பேர் வேறு சபைக்கே போய்விட்டார்கள். "கண்டிப்பும் கடுஞ்சொல்லும் உடையவர், அவரிடம் நீடித்துப் பாடியவர்கள் குறைவு" என்று எழுதினேன். மூன்று பேரிடம் கேட்டு உறுதிசெய்த தகவல். பாஸ்டர் ஊரில் இல்லாததால் நானே வாசித்தேன். பாடகர் வரிசையில் இருவர் தலையாட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது.

ஆண்ட்டியின் கணவர் முன்வரிசையில் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உண்மைதான் தம்பி. அந்த வாய நாப்பது வருசம் கேட்டவன் நான். இன்னிக்கி ஒருநாள் அவள விட்டிருக்கலாம்."

மூன்று அழைப்புகள்

இந்த இரண்டு சூட்டோடு இருக்கும்போதுதான் அருள் இறந்த செய்தி வந்தது. லாரி ஓட்டுநர். மகள் செல்விக்குப் பத்து வயதிருக்கையில் ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போனவர், பதினோரு வருடம் திரும்பவில்லை. மனைவி ஸ்டெல்லா தோட்டத்து வீட்டைக் காலிசெய்து டவுனுக்கு வந்து, பள்ளிக் கேன்டீனில் சமைத்து மகளை வளர்த்தார். பிறகு ஒருநாள் அருள், சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாசலில் வந்து நின்றார். ஸ்டெல்லா கதவைத் திறந்துவிட்டார். செல்வி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வாரம் மூன்று நாள், வேலைக்குப் போகும் வழியில், காரில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டாள். இரண்டு வருடம். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு.

சபைச் செயலாளர் தானியேல் முதலில் அழைத்தார். 'அன்பான கணவர், பாசமிகு தந்தை' போதும், தோண்ட வேண்டாம், வெளிச் சபைக்காரர்கள் வருவார்கள் என்றார். அடுத்து ஒரு மூப்பர். ஓடிப்போனதை விவரமாக எழுதினால் வாலிபர்களுக்குப் பாடமாக இருக்கும் என்பது அவர் கருத்து. இருவரும் அருளோடு ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியதில்லை. அதனால் தெளிவாக இருந்தார்கள். ஸ்டெல்லா ஏற்கெனவே என்னிடம் கேட்டிருந்தது ஒன்றுதான்: பெட்டியை மூடும்வரை மகள் தன் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதாக அழைத்தது அந்த மகள். "அங்கிள், 'பாசமிகு தந்தை'ன்னு படிச்சா நான் எழுந்து போயிடுவேன். அம்மாவுக்காகக்கூட உட்கார மாட்டேன்."

காலை வேலை

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். நல்லது கெட்டது வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொல் என்றேன். விபத்து நடந்த இடத்தில் கேட்பது போலத்தான். கெட்டதிலிருந்து ஆரம்பித்தாள், நிறைய இருந்தது, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கேட் வரை வந்தபோது, ஏதோ புகார் சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னாள். டயாலிசிஸ் நாட்களில் அவள் வெளியே வருவதற்குள் அப்பா காரின் முன்கண்ணாடியைத் துடைத்து வைத்திருப்பாராம். நிற்க முடியாது, பிளாஸ்டிக் நாற்காலியை இப்படியும் அப்படியும் நகர்த்திப் போட்டுக்கொண்டு. யாரும் செய்யச் சொல்லவில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான்: "அருள் பதினோரு ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்திருந்தார். அந்த ஆண்டுகளை ஸ்டெல்லா தனியாகச் சுமந்தார். திரும்பி வந்தபோது அவருக்குக் கதவு திறக்கப்பட்டது. மகள் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனார். அந்தக் காலைகளில் மகளின் கார்க் கண்ணாடியை அவர் துடைத்து வைத்தார்."

ஆராதனைக்குச் சற்று முன் தானியேல் தாளை வாங்கி, முகம் சுளித்து, 'பாசமிகு தந்தை' என்று பேனாவால் மேலே சேர்த்துப் பாஸ்டரிடம் கொடுத்தார். செல்வி அம்மாவின் பக்கத்தில், கையில் கார்ச் சாவியோடு இருந்தாள். பாஸ்டர் வாசிக்க ஆரம்பித்து, பேனா எழுத்து வந்த இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு அச்சில் இருந்ததை மட்டும் வாசித்தார். 'பதினோரு ஆண்டுகள்' என்றதும் தானியேலுக்கு இருமல் வந்தது. கார்க் கண்ணாடி வரி வந்தபோது செல்வி சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். பெட்டியை மூடும்வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே என்னிடம் வந்தாள். அழுதிருந்தாள், கோபமும் போகவில்லை. "அவரு ஒழுங்காத் தொடைக்க மாட்டாரு அங்கிள். ஓரத்துல எப்பவும் கோடு கோடா இருக்கும். அதையும் போட்டிருக்கலாம்."

இத்தனை வருடத்தில், வாசித்து முடித்த பிறகு எனக்கு வந்த திருத்தங்களில் நானாகவே சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.