ராஜா சொல்லாத ஒரு சொல்

என் நாத்தனார் பதினான்கு வருடமாகத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுப் பிழைக்கிறாள். துணி துவைக்கும் மெஷின் விற்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவு. தான் கையால்கூடத் தொடாத மெஷின்களுக்காகத் தினம் நூறு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். பேச வேண்டியதெல்லாம் தாளில் எழுதி எதிரே ஒட்டியிருக்கும். ஒரு வார்த்தை மாறினாலும் மேலாளர் கூப்பிட்டு அனுப்புவார்.

மூன்று வருடத்துக்கு முன், புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அவளைக் கேட்டு வீட்டுக்குப் போன் வந்தது. எடுத்தவர் அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். "அவளுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க" என்று இவரே முடித்துவிட்டார். எல்லாம் அவள் நல்லதுக்காம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை; ஆபீஸில் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. இன்றுவரை மன்னிப்பும் கேட்கவில்லை. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞாயிறு மதியம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆட்டம் நடக்கும். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, வாயாலேயே கதை வளர்ப்பது. கதையை நடத்துபவர் இவர். ராஜா, மந்திரி, திருடன் எல்லாருக்கும் இவர் வாய்தான். நாத்தனார் ஓடக்காரி, நான் மருத்துவச்சி, மாடிவீட்டு எலக்ட்ரீஷியன் காவலாளி. நடந்ததை நோட்டில் எழுதுவதும் நான். எல்லாவற்றையும் இவரே முடிவு செய்கிறார் என்று நாங்கள் சண்டை போட்டதில் ஒரு விதி வந்தது: வாரத்துக்கு ஆளுக்கு ஒரு சட்டைப் பொத்தான். அதை நடுவில் வைத்து என்ன சொன்னாலும் கதையில் அது நடந்தே தீரும். தன் கையாலேயே அந்த விதியை எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியவரும் இவர்தான்.

போன வாரம் ராஜா விசாரிக்காமலேயே ஓடக்காரியின் ஓடத்தை எரித்தார். நாத்தனார் பொத்தானை வைத்தாள்.

"ராஜா என்கிட்ட மன்னிப்புக் கேக்கறார்."

இவர் சிரித்தார். "ராஜாவாவது மன்னிப்புக் கேக்கறதாவது! கதைக்கு ஒட்டாது. வேற சொல்லு."

"விதி நீ எழுதினதுதானே அண்ணா?"

"கதை கெட்டுடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த 'நல்லதுக்கு' காதில் விழுந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. என் பொத்தானை ஓங்கி வைத்தேன். "ராஜா மன்னிப்புக் கேக்கறார்." எலக்ட்ரீஷியனும் இவர் முகத்தைப் பார்க்காமல் தன்னுடையதைத் தள்ளி வைத்தார்.

மூன்று பொத்தான்கள். விளையாட்டுக்குத்தான், அதுவும் ராஜாவின் வாயால்தான். அதற்குக்கூட அந்த நாக்கு வளையவில்லை. காதெல்லாம் சிவந்து, பகடைகளை வாரி டப்பாவில் போட்டார். "ஆட்டம் முடிஞ்சுது!" என்று எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவருக்குப் போய் ராஜா வேஷம்!

நாத்தனார் அழவில்லை. நோட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதிக்கோங்க அண்ணி. ராஜா நாட்டை விட்டு ஓடிட்டார்."

"இதுக்கு உங்ககிட்டப் பொத்தான் இல்லையே" என்றார் எலக்ட்ரீஷியன்.

"இதுக்கு எதுக்குங்க பொத்தான்? நடந்ததைத்தானே சொல்றேன்."

எழுதினேன். கதவுக்குள் கேட்கட்டும் என்று உரக்கப் படித்துக்கொண்டே எழுதினேன்.