இருபத்து நாலில் பன்னிரண்டு

போன வாரம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. என் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அடுப்பை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. "ஒரு பேட்டரிக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள். இருபது வருஷமாக அவளிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அப்போது இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, எனக்கு ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இருந்தது. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு மீட்டர். கடை என்பதே பெரிய வார்த்தை. போர்டு மட்டும் ஆறடி. அதில் என் பெயருக்குப் பக்கத்தில் நான் வாங்கிய டிப்ளமாவைச் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்ததை ஊருக்கு வேறு எப்படித்தான் தெரிவிப்பது? அதனால் பக்கத்து டீக்கடையில் எனக்கு 'டிப்ளமா சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

தண்ணீர்ப் பஞ்ச வருஷங்கள் அவை. குரோம்பேட்டையிலும் அஸ்தினாபுரத்திலும் தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். டேங்கர் வந்துபோன தெருவில் மட்டும் மழை பெய்த வாசனை. அந்த டேங்கர்களில் ஒன்று ஜுபைதா அக்காவுடையது. அவர் கணவர் சவுதியில் இருந்தார். இங்கே லாரித் தொழிலை அக்கா தனியாகப் பார்த்துக்கொண்டார். ராணுவம் வேண்டாமென்று கழித்த டீசல் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, அதன்மேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியிருந்தார். பச்சைப் பெயிண்டுக்கு மேல் நீலம் அடித்தும், உரசின இடமெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கும்.

அந்த லாரியின் வயரிங்கை முதலில் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. எல்லா வயரும் கறுப்பு. அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் எண் பொறித்த சின்னத் தகடு. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிகள் இரண்டை வரிசையாகச் சேர்த்து, மொத்த வண்டியும் இருபத்து நாலு வோல்ட்டில் ஓடியது. வெளியே சுலபமாகக் கிடைத்த டேப் செட், ஃபேன் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்.

வண்டியை ஓட்டியவன் ஆரோக்கியம். என் வயதுதான். வாயில் எப்போதும் பீடி. ஒரு சித்திரை வெயிலில் கடைக்கு வந்து, "இன்னா டிப்ளமா சார், கேபின்ல வெந்து போறேன். ஒரு ஃபேன் மாட்டிக் குடேன்" என்றான். கூடவே டேப் செட்டும் கேட்டான்.

இருபத்து நாலைப் பன்னிரண்டாகக் குறைக்க ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். அதற்கு வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை வரை போக வேண்டும். எனக்கு அன்று சோம்பல். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒரு வயரை இழுத்து ஃபேனுக்கும் டேப்புக்கும் கொடுத்தேன். அங்கே பன்னிரண்டு வோல்ட் கிடைக்குமே! ஃபேன் சுற்றியது. ஆரோக்கியம் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிச் சிரித்தான். இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வாரம் பெட்டியைப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வரவே இல்லை.

அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியவன்தானே. ஒன்று மட்டும் தினமும் காலியாகும். சார்ஜ் ஏறும்போது இரண்டிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். காலியானது நிறையாது. ஏற்கெனவே நிறைந்தது தாங்காமல் கொதிக்கும், தண்ணீர் வற்றும், தீப்பிடிக்கும் வாயு கிளம்பும்.

இரண்டு மாதம் கழித்து ஆரோக்கியமே வந்து சொன்னான்: "சார், ஒரு பேட்டரி மட்டும் தண்ணி குடிச்சிக்கினே கீது. இன்னொண்ணு அப்டியே கீது."

கையில் வேறொரு வண்டியின் வேலை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெயிலுக்கு அப்படித்தான்யா. ஊத்திட்டுப் போ" என்றேன்.

நாலாம் நாள் காலை, தொட்டி நிரம்பிய லாரி, என் கடைக்குப் பின்தெருவில், அக்கா வீட்டு வாசலில் நின்றது. ஆரோக்கியம் பேட்டரிப் பெட்டியைத் திறந்து, மூடிகளைக் கழற்றி, தண்ணீர் ஊற்றக் குனிந்தான். வாயில் பீடி. வெடித்த சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. நான் ஓடிப்போனபோது ஜுபைதா அக்கா அவன் தலையைப் பிடித்துத் தொட்டிக் குழாயின் அடியில் வைத்திருந்தார். ஆஸிட் பட்ட முகத்தின்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "கண்ணைத் தெறடா, தெறடா" என்று அக்கா அழுதார். அந்தத் தண்ணீரால்தான் வலது கண் பிழைத்தது என்று பிறகு டாக்டர் சொன்னார். இடது கண் போய்விட்டது.

அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு, வாசலில் கூட்டம் கலைந்த பிறகு, நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிங் பிளையரை எடுத்து அந்த வயரை நறுக்கி, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பீடிதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஸ்டெல்லா என்னிடம் கேட்டாள்: "நீங்க படிச்சவரு. சொல்லுங்க சார், பீடிதானா?"

"பீடிதான்மா. பேட்டரி பக்கத்துல நெருப்பு ஆகாது."

அவள் நம்பினாள். அதைவிடக் கொடுமை, அவனும் நம்பினான்.

ஒற்றைக் கண்ணோடு லாரி ஓட்ட முடியாது. அஸ்தினாபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தான். அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் என்னைக் கூப்பிட்டுப் பேசுவான். வருகிற டிரைவர்களிடமெல்லாம், "பீடி வாணாம் மச்சான், டிப்ளமா சாரைக் கேளு" என்பான். நான் தலையாட்டுவேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் தலையாட்டினேன். ஒரு நாள் ஸ்டெல்லா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தூக்குவாளியை நாற்காலிமேல் நங்கென்று வைத்தாள். "ஒரு பீடிக்குக் கண்ணக் குடுத்த ஆளு. துன்னு" என்று, அங்கே நின்றிருந்த பால்காரர் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள். ஆரோக்கியம் அதைக் கேட்காதவன்போல் வாளியைத் திறந்தான். பழகிப்போயிருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏரிக்கரையில் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்று. வயர், கன்வெர்ட்டர், நறுக்கி மறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆரோக்கியம் கேட்டான்: "அப்ப, பீடி இல்லாங்காட்டி வெடிச்சிருக்காதா?"

"அன்னிக்கு வெடிச்சிருக்காது. ஆனா அவ்ளோ கேஸ் வந்தது என்னாலதான். நீ தண்ணி வத்துதுன்னு வந்து சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்."

ஸ்டெல்லா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. "ஒரு வருசமா சோறு போடறப்பல்லாம் சொல்லிக் காட்டிக்கினே இருந்தேனே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என்னிடம், "நீ எழுந்து போ சார்" என்றாள்.

செருப்பை மாட்டும்போது உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. "உக்காரு. சாப்புடு" என்றாள். மெதுவான குரல். அவன் என்ன சொன்னான் என்பது என் காதில் விழவில்லை.

மறுநாளே ஜுபைதா அக்காவிடமும் சொன்னேன். அவர் அதன்பின் என் கடைக்கு வண்டி விடவில்லை. ஆறு மாதத்தில் நானே போர்டைக் கழற்றிவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

பிற்பாடு மூன்று முறை ஏரிக்கரைக்குப் போனேன். முதல் இரண்டு முறையும் வீடு பூட்டியிருந்தது. கடைசி முறை போனபோது அந்த வரிசையே இல்லை. இடித்து மண் நிரப்பி, முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அங்கிருந்தவர்களை எங்கே அனுப்பினார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊரைச் சொன்னார்கள்.