மாலை போட்டிருந்த முதலாளி

எங்கள் அப்பாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. அவருக்கு ஒரு முதலாளி இருந்தார்.

தேரடித் தெருப் பக்கம் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் அப்பா சரக்கு மாஸ்டர். வடை, போண்டா, பாதுஷா எல்லாம் அவர் கைச்சரக்கு. தினமும் கைச்செலவுக்குக் கொடுக்கும் படியை மட்டும் வாங்கிக்கொண்டு, மாதச் சம்பளத்தை முதலாளியிடமே விட்டு வைப்பார். வீட்டுக்கு வந்தால் பணம் கரைந்துவிடும் என்பது அவர் கட்சி. அங்கே வேலை பார்த்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கூரை மாற்றுவது என்று ஏதாவது வரும்போது மொத்தமாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எழுத்து எதுவும் கிடையாது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அப்பா கேட்டால், முதலாளி தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, “இங்க பத்திரமா இருக்குது மாஸ்டர்” என்பாராம். அம்மா அதையே கேட்டால் அப்பாவும் வீட்டில் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது மிகவும் கௌரவமான ஏற்பாடாகத் தெரிந்தது.

ஆடி மாதப் பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி. அவசரத்தில் அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் நகர்ந்து எண்ணெய்ச் சட்டி சாய்ந்தது. அப்பாவின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோனது. முதலாளி ஆட்டோ பிடித்துக் கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரண்டு தடவை வந்து பார்த்தார். களிம்பும் ஆப்பிளும் வாங்கி வந்தார். புரட்டாசியில் வேறு ஒரு மாஸ்டரை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

புண் ஆறியது. ஆறிய தோல்தான் விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டே வந்தது. ஐப்பசி முடிவதற்குள் அப்பாவின் கை ஒரு மூடிய கையாகிவிட்டது. அதனால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வேலூரில் பார்த்த டாக்டர், தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தால் விரல்கள் பிரியும், ஆனால் தை பிறப்பதற்குள் செய்துவிட வேண்டும், விட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார். ஒரு சரக்கு மாஸ்டருக்கு விரல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அம்மா செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாடகைக்குத் தங்கும் அறைகளைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருமானம் அரிசிக்குச் சரியாக இருந்தது.

முதலாளியின் நெஞ்சில் இருந்த பணத்தை இப்போது வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அப்பா கேட்கப் போகமாட்டேன் என்றார். மடங்கிய கையோடு போய் நின்றால் பிச்சை கேட்பது மாதிரி இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மா போனாள். ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் தானே பார்த்ததாகவும், அதுவும் இதுவும் சரியாகப் போய்விட்டதாகவும் முதலாளி சொன்னார். களிம்பும் ஆப்பிளும் அவ்வளவு விலை விற்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது.

வேங்கிக்கால் வரைக்கும் நடந்து, தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்தாள். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். ரசீது இல்லையென்றால், கூட வேலை செய்தவர்கள் யாராவது வந்து சொல்லட்டும் என்றார். ஹோட்டலில் சப்ளையராக இருந்த போளூர்க்கார அண்ணனை அம்மா கேட்டாள். அப்பாவிடம் மிகவும் ஒட்டுதலாக இருந்தவர் அவர். தரையைப் பார்த்துக்கொண்டே, “என் பணமும் அவர்கிட்டதான்க்கா கெடக்குது. வாயத் தொறந்தா வேலையும் போய்டும், அதுவும் போய்டும்” என்றார். அம்மா அன்று முழுவதும் அவரைத் திட்டித் தீர்த்தாள்.

கார்த்திகை பிறந்ததும் முதலாளி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். வருஷா வருஷம் போடுகிறவர். கறுப்பு வேட்டியும் சந்தனமுமாக, கல்லாவில் உட்கார்ந்து எல்லோரையும் சாமி, சாமி என்று கூப்பிடுவார். அந்த நாட்களில் தட்டு உடைத்த பையனுக்குக்கூடத் திட்டு கிடையாது. மாலை போட்டிருப்பவரிடம் போய்க் கடன் கேட்கக் கூடாது, பாவம் என்றார் அப்பா. அம்மா அப்படி நினைக்கவில்லை.

“மால கழுத்துல இருக்கும்போதுதான் கேக்கணும். கழட்டிட்டா அவரு வேற ஆளு” என்றாள்.

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலையில் ஹோட்டலில் அவருக்கு இருமுடி கட்டினார்கள். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் பச்சரிசி எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். கூப்பிடாமல் போகலாமா என்று நான் கேட்டேன். கட்டு நிறைக்க அரிசி போட வருகிறவர்களை யாரும் தடுக்க மாட்டார்கள் என்றாள்.

மேஜைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். ஊதுபத்திப் புகைக்கு நடுவில் முதலாளி மண்டியிட்டு உட்கார்ந்து, அரிசிப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் குருசாமி. ஊரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். மற்ற மாதங்களில் முதலாளி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இந்த மாதத்தில் அவர் சொல்தான் சட்டம். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், பின்னால் ஹோட்டல் ஆட்கள் என்று வரிசை. ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி அரிசியைப் பையில் போட்டுவிட்டு, முதலாளியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு நகர்ந்தார்கள்.

அம்மாவின் முறை வந்தது. கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப் பைக்கு மேலே நீட்டினாள். விரல்களைத் திறக்கவில்லை.

“சாமி, எங்க வூட்டுக்காரரு உங்ககிட்ட வுட்டு வச்ச சம்பளம் உங்ககிட்ட இல்லைனு, அந்த மால மேல கைய வச்சு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் அரிசிய போட்டுட்டுப் போய்டறேன்.”

சரணம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் ஒரு கை பையை விட்டு மாலையருகே வந்தது. வந்து அங்கேயே நின்றது. அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

குருசாமி கேட்டார். “இருக்குதா, இல்லையா சாமி?”

“இருக்குது சாமி.”

“அப்போ குடுத்துட்டு வந்து உக்காருங்க. கட்டு காத்துனு இருக்கும்.”

முதலாளி எழுந்து கல்லாவுக்குப் போனார். மேஜை இழுப்பறையின் பூட்டைத் திறந்து, அதற்குள் இருந்த ஒரு மஞ்சள் பையை எடுத்து, அதிலிருந்து நோட்டுகளை எண்ணினார். வரிசையில் நின்ற ஹோட்டல் ஆட்கள் அந்தப் பையையே பார்த்தார்கள். போளூர் அண்ணனின் கையிலிருந்து அரிசி கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் சிந்தியது. அவருக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. அம்மாவின் தைரியத்தைப் பார்த்து வெட்கப்படுகிறார், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகுதான் விரல்களைத் திறந்து அரிசியைப் போட்டாள். என்னையும் போடச் சொன்னாள். போகும்போது, நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் சாமி என்று முதலாளியிடம் மனதாரத்தான் சொன்னாள்.

வீடு வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நடந்ததையெல்லாம் அப்பாவிடம் ஒன்று விடாமல் நடித்தே காட்டினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, முதலாளி பணத்தை எங்கிருந்து எடுத்தார் என்று மட்டும் கேட்டார். இழுப்பறையில் இருந்த மஞ்சள் பையிலிருந்து என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“நம்ம பணம். எந்தப் பையில இருந்தா என்னா?” என்றாள் அம்மா. கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அப்பா அன்று மதியம் சாப்பிடவில்லை. முதலாளியை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டோம் என்று அவருக்குக் கோபம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

மார்கழியில் ஆபரேஷன் நடந்தது. தையில் கட்டைப் பிரித்தார்கள். தோல் வேறு வேறு நிறத்தில் இருந்தது, ஆனால் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக இருந்தன. அப்பா ஒரு பந்தை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுப் பழகினார். முதல் தடவை அந்தக் கையால் என் தலையை வாரிவிட்டபோது, வகிடு கோணலாகப் போனது. அம்மா அதைச் சரிசெய்யாமல் அப்படியே என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டில் அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு நினைவில்லை.

அந்த வாரத்தில்தான் போளூர் அண்ணன் வந்தார். கையில் ஒரு துணிப்பை. ஹோட்டலை விட்டுவிட்டதாகவும், பெங்களூருக்கு வேலைக்குப் போவதாகவும் சொன்னார். அம்மா உள்ளே இருந்தபடியே, இப்போதுதான் வழி தெரிந்ததா என்று கேட்டாள். அவர் துணிப்பையைக் கீழே வைத்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“தீபத்துக்குப் பத்து நாளும் தூங்காம வேல பாத்தோம் மாஸ்டர். வருஷா வருஷம் மாதிரி எல்லாருக்கும் ரெட்ட சம்பளம் தரேன்னு அந்த மஞ்சப் பையிலதான் போட்டு வச்சிருந்தாரு. மலைக்குப் போயிட்டு வந்து தரேன்னாரு. வந்தாரு, மாலைய கழட்டிட்டாரு. மாஸ்டர் பொண்டாட்டிகிட்டப் போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டாரு.”

அம்மா வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அங்கியே சொல்லியிருக்கலாம்ல தம்பி, அன்னிக்கே?” என்றாள். அவள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது வெகுநாளைக்குப் பிறகு.

“எப்படிக்கா சொல்றது? மாஸ்டர் கைக்குன்னு எங்களுக்கும் தெரியும்ல.”

அம்மா உள்ளே போய் டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கேட்க வரவில்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றார். பிறகு அப்பாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கட்டை விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். திரும்ப ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார்.

“நல்லா வந்துடுச்சு மாஸ்டர்” என்றார்.

அப்பா சத்தம் போட்டு அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை இன்னும் வலிக்கிறது என்று நினைத்தேன். அண்ணனின் கையைத் தட்டிவிட்டு, மெதுவாகப் பிடிக்கத் தெரியாதா என்று அவரைத் திட்டினேன்.