இடது புருவத்துக்கு மேலே ஒரு கோடு

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் ஒரு பழைய கல்யாணப் போட்டோவைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த தெருவில் ரவிக்கை தைப்பவள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவள் கணவர் குவைத்தில் இருந்தார். ஆறு வருடம் இழுத்தடித்த விசா ஒருவழியாக வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளோடு கிளம்புகிறாள்.

"இதுல எங்க அம்மா இருக்காங்கக்கா. மூஞ்சி மட்டும் தனியா எடுத்துப் பெரிசாக்கித் தர முடியுமா? செவுத்துல மாட்ட இல்ல, பெட்டியில வெச்சிக்கத்தான்."

அவள் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கேமராவைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுகிற பெண்மணி. வாக்காளர் அட்டையில் ஒரு படம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு முகம் இருந்தது; அவ்வளவுதான். அதை விட்டால் இந்தக் கல்யாணப் போட்டோ. அவளுடைய காலா, அதாவது அம்மாவின் தங்கை, மணப்பெண்ணாக நடுவில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாற்பது பேர். வலது ஓரத்தில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால், நகக்கண் அளவுக்கு அந்த முகம். கறுப்பு வெள்ளை பழுப்பேறி, ஈரம் பட்டு, நெடுக வெடிப்பு விட்டிருந்தது.

போட்டோ காலாவுடையது. கிளம்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துப்போகத் தாமலிலிருந்து வந்திருந்த அவர், மறுநாள் காலை ஊருக்குத் திரும்பும்போது அதையும் கையோடு எடுத்துப்போவேன் என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாராம்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் கணவருக்காக வாங்கியது. புடவைக்குப் பார்டரும் முந்தானையும் வரைந்து, தறிக்கான அட்டை குத்தக் கொடுப்பது அவர் தொழில். பகலில் அவர் ஒரு பட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவார்; வரைவது ராத்திரியில். நான் கல்யாணத்துக்கு முன் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தவள். அந்த விரல்கள் சும்மா இருக்க மாட்டேன் என்றதால் பகலில் கம்ப்யூட்டர் என்னுடையதானது. கிழிந்த போட்டோக்களை ஒட்டுவேன், மங்கியதைத் தெளிவாக்குவேன். தெருவில் நாலு பேருக்குச் செய்து கொடுத்திருந்தேன்.

முகம் சின்னதாக இருந்ததால், ஸ்கேனரால் முடிந்த அதிகபட்ச அளவில் ஸ்கேன் செய்தேன். அது முடிய அரை மணி நேரம் பிடித்தது. அவள் பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் போட்டோவை மறுபடி துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். ஒரு வெடிப்பின் மேல் பிரஷ்ஷை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். மணற்கடிகாரம் வந்து நின்றது. பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் கரகரவென்று எதையோ அரைத்தது. ஒரு நிமிடம் கழித்து அந்த ஒரு கோடு மறைந்தது. அடுத்த இழுப்பு. மறுபடி மணற்கடிகாரம். போய் அரிசி களைந்துவிட்டு வந்தேன், அப்படியே இருந்தது. துவைத்த துணியை உதறிப் போட்டுவிட்டு வந்தேன். அரை அங்குலம் நகர்ந்திருந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. பதினொரு மணிக்குத் திரை மொத்தமும் உறைந்துபோனது. அணைத்துப் போட்டேன். அதுவரை செய்தது எல்லாம் போயிற்று.

நாட்களை எண்ணினேன். செவ்வாய், புதன், வியாழன்.

தெரிந்ததை எல்லாம் செய்தேன். வைரஸ் தேடும் மென்பொருளை நிறுத்தினேன். திரையில் இருந்த அருவிப் படத்தை எடுத்தேன். டி.டி.பி. நாட்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்களை நீக்கினேன். கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்தவருக்குப் போன் போட்டேன்.

"ரேம் பத்தலை மேடம். சென்னையிலருந்து வரணும், அடுத்த வாரம் ஆயிடும். இல்லன்னா எடுத்தாங்க, ஃபார்மேட் பண்ணிடலாம்."

ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்டாலே என் கணவருக்கு முகம் வெளுத்துவிடும். இரண்டு வருட டிசைன் முழுக்க அதற்குள் இருந்தது. நான் போனை வைத்தேன்.

பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில் ஒரு குறிப்பு கிடைத்தது. செய்த வேலையில் பின்னோக்கிப் போவதற்காக அந்த மென்பொருள் இருபது படிகளை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது, அதைக் குறைத்தால் வேகம் கூடும் என்று போட்டிருந்தது. இருபதை ஒன்றாக்கினேன். உண்மையிலேயே வேகம் கூடியது. ஒரு நிமிடம் பிடித்த இழுப்பு இருபது விநாடிக்கு இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் ஒரு பிரதி தனியாக எடுத்து வைக்கலாம் என்று பார்த்தேன். டிஸ்கில் இடமில்லை என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. அவசரத்தில் ஓகே அழுத்தி மூடிவிட்டு, இருந்த கோப்பின் மேலேயே சேமித்தேன். நோய் என்னவென்று கம்ப்யூட்டரே வாய்விட்டுச் சொன்ன இடம் அதுதான். நான் காதில் வாங்கவில்லை.

புதன்கிழமை மதியத்துக்குள் முகம் சுத்தமாகிவிட்டது. கன்னத்து வெடிப்பு, மூக்கின் மேல் இருந்த புள்ளிகள், இடது புருவத்துக்கு மேலே முடி வரைக்கும் ஓடிய ஒரு கோடு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, சிரிக்கலாமா வேண்டாமா என்ற யோசனையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் அனுப்பி அவளை வரச்சொன்னேன்.

அவள் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தோளில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கிட்டப் போய்ப் பார்த்தாள், பின்னால் சாய்ந்து பார்த்தாள்.

"நல்லாருக்குதுக்கா" என்றாள்.

"என்னன்னு சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. நீங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கீங்க."

"பரவால்ல, சொல்லு."

அவள் கையை நீட்டித் திரையில் புருவத்துக்கு மேலே தொட்டாள். "இங்க ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயசுல மரத்துலருந்து வுழுந்ததாம். தூங்கறதுக்கு முன்னாடி நான் அதுமேல வெரல வெச்சி தடவிக்கினே இருப்பேன். நிக்காஹ் ஆயி புள்ள பெத்தப்புறம்கூட. இது எங்க அம்மா மாதிரி இருக்குது. எங்க அம்மா இல்ல."

பின்னோக்கிப் போகும் பொத்தானை அழுத்தினேன். ஒரே ஒரு படி போய் நின்றது. அது காதோரத்தில் கடைசியாகத் துடைத்த ஒரு புள்ளி. அதற்குமேல் போக வழியில்லை. வழியை நானே அடைத்திருந்தேன். பிரதியும் இல்லை. போட்டோ தாமலில்.

"நானே வரைஞ்சு சேக்கட்டுமா?" என்று கேட்டேன். கேட்டவுடனேயே வெட்கமாக இருந்தது. அவள் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தார்.

"அந்தம்மா ஒருத்தர் மூஞ்சிக்கு நாப்பது பேரையும் எதுக்கு இவ்வளவு பெரிசா ஸ்கேன் பண்ண? ஓரத்தை மட்டும் எடுத்திருக்கலாமே."

எனக்கு அது தோன்றவே இல்லை. கோபம்தான் வந்தது. டிஸ்கில் இடமில்லை என்று வந்ததைச் சொன்னேன். அவர் சி டிரைவைத் திறந்து பார்த்தார். முழுக்க அவருடைய முந்தானைகள். நினைவகம் போதாதபோது மென்பொருள் டிஸ்கில் இடம் தேடும் என்று இருவருக்கும் அரைகுறையாகத் தெரியும். அங்கே காலூன்ற இடமில்லாமல்தான் அது இரண்டு நாளாகத் திணறியிருக்கிறது.

"நாளைக்கு நான் கடைக்கு லீவு போட்டுட்டு இதெல்லாம் சிடியில ஏத்திட்டு டிஸ்கைக் காலி பண்ணிடறேன். நீ போட்டோவுக்கு வழி பாரு" என்றார்.

வியாழக்கிழமை காலை நானும் அவளும் பஸ் ஏறித் தாமலுக்குப் போனோம். பெட்டி கட்டுகிற வேலை அத்தனையும் கிடக்க, அவள் ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். பஸ் நின்ற ஒவ்வொரு இடத்திலும் நான் எட்டி எட்டிப் பார்த்தேன். ஏரிக்கரையை ஒட்டி இறங்கி விறுவிறுவென்று நடந்தோம்.

காலா வாசலில் துவரை காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன், அந்தத் தழும்பை வெடிப்பு என்று நினைத்து அழித்துவிட்டதை.

"அழிச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. "அது இல்லாம எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்காங்க. ஆனா இவளுக்கு அது வேணும்."

அவர் உள்ளே போய்ப் போட்டோவை எடுத்துவந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு தயங்கினார். பிறகு அவளிடம் சொன்னார்: "உங்க அம்மா மரத்துலருந்து வுழல. நான்தான் பண்ணேன். எனக்கு ஆறு வயசு. ஊஞ்சல் அவ முறைன்னு எறங்கச் சொன்னா. கோவத்துல வெறும் பலகைய இழுத்து வுட்டேன். நெத்தி பொளந்து ரத்தம். வாப்பா வந்து கேட்டப்ப, மரத்துலருந்து வுழுந்தேன்னு அவளே சொல்லிட்டா. சாவுற வரைக்கும் யார்கிட்டயும் மாத்திச் சொல்லல."

அவளுக்கு இது தெரியாது. காலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிணற்றடிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அந்த நேரத்திலும் பஸ் போய்விடுமே என்ற கவலை.

போட்டோவை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது காலா என் பின்னாலேயே வாசல்வரை வந்தார். "தழும்ப நீ அழிச்ச படம் இருக்குதாம்மா இன்னும்?"

"இருக்குது."

"அதுல ஒண்ணு எனக்கு."

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. கணவர் டிசைன்களை ஏற்றி முடித்த சிடிக்கள் மேசையில் வரிசையாக இருந்தன. நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவள் பெட்டி கட்டப் போய்விட்டாள். மூன்றரைக்கு மின்விசிறி சுழன்றது. இந்த முறை ஓரத்தில் இருந்த முகத்தை மட்டும் ஸ்கேன் செய்தேன். முதல் வேலையாகப் பிரதி எடுத்து வைத்தேன். படிகளை மறுபடி இருபதாக்கினேன். பிரஷ் கை போன வேகத்துக்கே வந்தது. மணற்கடிகாரம் ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் என் கைதான் இப்போது நின்று நின்று போனது. ஒவ்வொரு கோட்டையும் தொடுவதற்கு முன், இது போட்டோவில் விழுந்ததா, ஆளிடம் இருந்ததா என்று பார்த்தேன். புருவத்துக்கு மேலே போகவே இல்லை. ஆறு மணிக்குள் முடிந்தது. ஸ்டுடியோ மூடுவதற்கு முன் இரண்டு படங்களையும் அச்செடுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை வேன் நின்றிருந்தது. பிள்ளைகள் ஏற்கெனவே ஏறியிருந்தார்கள். உறையைக் கொடுத்ததும் அவள் அங்கேயே பிரித்துப் பார்த்தாள். கட்டைவிரலைப் புருவத்துக்கு மேலே வைத்தாள். "வரேங்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, கல்யாணப் போட்டோவையும் அந்த இன்னொரு படத்தையும் எடுத்துக்கொண்டு நான் தனியாகத் தாமலுக்குப் போனேன். தபாலில் போட்டிருக்கலாம். ஏனோ மனம் ஒப்பவில்லை. காலா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தழும்பில்லாத அந்த நெற்றியை நெடுநேரம் பார்த்தார். அது பொய்யான படம், என் தவறால் வந்த படம் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய்வரை வந்தது.

"இப்பிடித்தான் இருந்திருப்பா" என்றார்.

பிறகு அதை ஒரு பழைய நாளிதழில் சுற்றி, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனார்.